யார் செய்தது என்று தேடிய வேடன்

திருமலையில் கல்யாணகட்டாவின் தரை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். தண்ணீரும் முடியும் சந்தனமும் கலந்த வாசனை. டோக்கனைக் கையில் பிடித்தபடி என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம். சித்தூர்ப் பக்கத்து மனிதர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். அப்பாவின் மடியில், ஒரு வயது நிரம்பாத ஆண் குழந்தை. முதல் மொட்டை.

கத்தி உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் போனபோது நாவிதர் கையை நிறுத்தினார். கறுகறுவென்று விழுந்துகொண்டிருந்த முடியில் ஒரு கொத்து மட்டும் வெள்ளையாக விழுந்தது. அது இருந்த இடத்தில், ஒரு முனை உருண்டு மறுமுனை கூர்ந்து, சின்ன இலை வடிவில் ஒரு வெளிறிய திட்டு.

"இக்கட தெல்லகா உந்தம்மா", இங்கே வெள்ளையாக இருக்கிறதம்மா, என்றார் நாவிதர். குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார்.

பாட்டி எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கே சொன்னேன், கிரகணத்தன்னிக்கு வாசப்படி தாண்டாதேன்னு. கேட்டாளா?" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "விடும்மா, திரும்பும்போது காளாஸ்திரி போயி ராகு கேது பூஜை பண்ணிட்டுப் போயிடலாம்" என்றான் மகன். குழந்தையின் அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலை அந்தத் திட்டின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கச் சந்தனம் பூசியபோதும் அந்த விரல் நகரவில்லை. மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திட்டு என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மலை இறங்கி வெகுநாள் ஆன பிறகும் அந்த விரலும் பாட்டியின் கேள்வியும் மனதை விட்டு இறங்கவில்லை.

உடம்பில் இருக்கும் குறிகளோடு நமக்கு உள்ள உறவு விசித்திரமானது. அதிர்ஷ்டம் அடித்தவனை மச்சக்காரன் என்கிறோம். எந்த இடத்து மச்சத்துக்கு என்ன பலன் என்று சொல்லச் சாமுத்திரிகா சாஸ்திரம் இருக்கிறது. ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போது அடையாளத்துக்கு இரண்டு மச்சம் எழுத வேண்டும். பையனைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடிக் கண்டுபிடிப்பார்கள். குழந்தையின் கன்னத்தில் இல்லாத மச்சத்தை மையால் நாமே வைக்கிறோம், ஊர்க்கண் அதில் பட்டுத் தெறித்துப் போகட்டும் என்று. ஜோசியருக்கு மச்சம் எதிர்காலம், அரசாங்கத்துக்கு அது அடையாளம், பாட்டிக்குத் திருஷ்டிக் காப்பு. ஆனால் நாம் வைக்காமல், சாஸ்திரத்திலும் அடங்காமல், கொஞ்சம் பெரிதாகவோ கொஞ்சம் அதிகமாகவோ ஒரு குறி வந்துவிட்டால் அதே வீட்டில் கேள்வி மாறிவிடும். யாரால் வந்தது?

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. தெலுங்கில் பிளந்த உதட்டுக்கே கிரகணம் மொர்ரி என்று பெயர். பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஜெர்மானியர்கள் மச்சத்தைத் தாய்க்குறி என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். இத்தாலியில் அதற்கு ஆசை என்று பெயர். மசக்கைக்காரி கேட்டது கிடைக்காமல் போனால் அந்த ஏக்கம் பிள்ளையின் தோலில் பதிந்துவிடும் என்ற நம்பிக்கையில் பிறந்த சொல் அது. ஓர் ஊரில் வெளியே போனது தப்பு, இன்னோர் ஊரில் ஆசைப்பட்டது தப்பு. எந்த ஊரானாலும் கூண்டில் ஏற்றப்படுகிறவள் ஒருத்திதான்.

வழக்கை ஆதியிலிருந்து பார்க்கலாம். கருவாகி மூன்றாவது வாரத்தில் அந்தப் பொட்டளவு உயிர் மூன்று அடுக்காகப் பிரிகிறது. வெளி அடுக்கின் நடுப்பகுதி பள்ளமாகிக் குழிந்து, இரு ஓரங்களும் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குழாயாகிறது. 28-ஆம் நாளையொட்டி அந்தக் குழாய் மூடிவிடும். அதுதான் மூளை, அதுதான் தண்டுவடம். குழாய்க்குள் போகாமல் வெளியே நின்ற மீதி, மேல்தோல் ஆகிறது. ஒரே துணியில் ஒரு பாதியை உள்ளே மடித்துத் தைத்தது போல. நாம் தொட்டுக் கொஞ்சும் குழந்தையின் தோலும், தொட முடியாமல் உள்ளே இருக்கும் அதன் மூளையும் கூடப்பிறந்தவை. இதெல்லாம் நடந்து முடியும்போது, நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனித்துக்கூட இருக்க மாட்டார்கள்.

குழாய் மூடும் விளிம்பிலிருந்து இன்னொரு கூட்டம் புறப்படுகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் அவை. முதுகுப் பக்கம் கிளம்பி, உடம்பைச் சுற்றிக்கொண்டு, நெற்றி முதல் பாதம் வரை போய்ச் சேர வேண்டும். அலிபிரியில் கிளம்பி 3,550 படி ஏறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. சிலர் வழியில் மண்டபத்தில் படுத்துவிடுவார்கள். நம் குழந்தைகளில் மிகப் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலச்சாம்பல் திட்டு அப்படி வழியில் தங்கிவிட்டவர்களின் கூட்டம்தான். மேல்தோலுக்கு வராமல் ஆழத்தில் நின்றுவிட்டதால் கறுப்பு நீலமாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். வலியில்லை, வைத்தியம் வேண்டாம்.

பெரும்பாலான குறிகளின் கதை இவ்வளவுதான். குழந்தை அழும்போது பிடரியில் சிவக்கும் திட்டு, எங்கோ ஒன்றிரண்டாக இருக்கும் பழுப்பு மச்சம், தனியாக ஒரு வெளிறிய புள்ளி. இவை உடம்பு உருவானபோது விழுந்த கைரேகைகள். இதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

சில குறிகள் மட்டும் கூடப்பிறந்ததைப் பற்றிப் பேசுகின்றன.

பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் வருவது உண்டு. புத்தகம் எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த நிறம் அது. நம் பிள்ளைகளின் தோலில் அது பால் குறைந்த டிகாக்ஷன் நிறத்தில்தான் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. பருவம் எய்தாத குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவில் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வருவது. நரம்பு உறைகளில் கட்டிகள் வளரும். சிலருக்குப் பார்வை நரம்பு பாதிக்கும். பலருக்குப் படிப்பில் மட்டும் தடுமாற்றம். அந்தப் பிள்ளையைத்தான் கவனமில்லாதவன் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள்.

வெளிறிய இலைத் திட்டு இன்னொன்று. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோயைத் தேடிப் பார்க்க வேண்டும். சுமார் 6,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் உண்டாகலாம். முடியில் ஒரு வெள்ளைக் கொத்து அதன் முதல் சமிக்ஞையாக இருப்பதும் உண்டு. நம் வீடுகளில் வெளிறிய திட்டைத் தேமல் என்றோ சத்துக் குறைவு என்றோ சொல்லி விட்டுவிடுவார்கள். பெண் குழந்தையாக இருந்தால் வெண்குஷ்டமோ என்று பயந்து, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று பாவாடைக்குள் மறைத்துவிடுவார்கள். அலட்சியம், பயம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நெற்றியிலும் மேல் இமையிலும் படர்ந்த சிவப்புத் திட்டு மூன்றாவது. 1879-ல் லண்டனில் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் என்ற மருத்துவர் முன்னால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். முகத்தின் ஒரு பக்கம் சிவந்த மறு, உடம்பின் எதிர்ப்பக்கம் வலிப்பு. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். முகத்தில் இருக்கும் அதே மறு அந்தப் பக்கத்து மூளையின் மேலும் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். வெளித்தோலைப் படித்து உள்ளே இருப்பதைச் சொன்னார். ஊகம் சரியாக இருந்தது. இன்று அந்த நோய்க்கு அவர் பெயரும் உண்டு. மாநிறத்தில் இந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதே பக்கத்துக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

முதுகுத்தண்டின் அடியில் வால் போல ஒரு மயிர்க்கற்றை முளைத்த குழந்தையும் பிறப்பதுண்டு. ஏழுமலையில் ஒரு மலைக்கு அஞ்சனாத்ரி என்று பெயர் இருக்கும் ஊரில் அதை ஆஞ்சநேயர் அம்சம் என்று கும்பிட்டுவிடுவது எளிது. கும்பிடட்டும். அதற்கு அடியில் தண்டுவடம் எங்காவது சிக்கிக் கட்டுண்டு கிடக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் எடுத்துவிடட்டும்.

கும்பிடுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு வலிப்பு மாதிரியே இருக்காது. குழந்தை திடீரென்று தலையைக் குனியும், கைகள் முன்னே வரும், பிறகு நிமிரும். சில நொடி கழித்து மறுபடி. தூங்கி எழுந்ததும் வரிசையாகப் பத்து இருபது முறை. "பாரேன், கோவிந்தா போடுறான்" என்று வீடே சிரிக்கும். ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் அது வணக்கமாகத்தான் தெரிந்தது. சலாம் வலிப்பு என்றே பெயர் வைத்தார்கள். டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. வந்த சில நாட்களிலேயே மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறையும். ஒரு பக்கம் இலைத் திட்டு, இன்னொரு பக்கம் இந்தக் குனிதல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். கையில் இருக்கும் போனில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்த வலிப்பை முதலில் விவரித்து எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர். 1841-ல் லான்செட் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதில் நோயாளியாக வரும் குழந்தை அவருடைய சொந்த மகன். எப்போது குனிகிறான், எத்தனை முறை, எப்படி நிமிர்கிறான் என்று பார்த்துப் பார்த்து எழுதி, இதை வேறு யாராவது கண்டிருக்கிறீர்களா, என்ன செய்யலாம் என்று சக மருத்துவர்களைக் கேட்டார். அவர் கையில் மருந்து இல்லை. மகனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது தன் கண்களைத்தான். அந்தக் கண்கள் பார்த்தவை இன்றும் உலகமெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன.

சரி, குற்றவாளி யார்? டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது பெற்றோரிடமிருந்து வந்ததே இல்லை. கரு உருவாகும் வேளையில் ஒரு மரபணுவில் புதிதாக ஏற்பட்ட எழுத்துப்பிழை. நியூரோஃபைப்ரோமடோசிஸில் பாதிப்பேருக்கு அப்படித்தான். மீதிப்பேருக்கு அப்பா வழியாகவும் வரலாம், அம்மா வழியாகவும் வரலாம். முகத்துச் சிவப்பு மறுவுக்குக் காரணமான பிழையை 2013-ல் கண்டுபிடித்தார்கள். அது கரு வளரத் தொடங்கிய பிறகு ஏதோ ஓர் உயிரணுவில் நேர்வது. யாரிடமிருந்தும் வருவதில்லை, யாருக்கும் போவதில்லை. சந்திரனையோ சூரியனையோ கிரகணம் பிடிப்பதற்கு முன்பே இதெல்லாம் எழுதி முடிந்துவிட்டது. அவள் வாசப்படியைத் தாண்டியிருந்தாலும், தாண்டாமல் இருட்டறையில் படுத்துக் கிடந்திருந்தாலும், அந்த இலை அங்கே இருந்திருக்கும்.

திருப்பதியில் மலை இறங்கினால் ஒரு பாதை கிழக்கே காளஹஸ்திக்குப் போகிறது. இன்னொன்று தென்மேற்கே சித்தூர் போய், அங்கிருந்து வேலூருக்குப் போகிறது. வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். சித்தூர்க்காரர்களுக்கு அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், திருப்பதியிலேயே ரூயா, ஸ்விம்ஸ் மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்தக் குடும்பம் காளஹஸ்திப் பாதையில் போகாமல் வேலூர்ப் பாதையில் போக வேண்டும் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். காளஹஸ்தியைப் பற்றி யோசிக்காமல் இருந்திருந்தால்.

கிரகணத்தன்று திருமலை உட்படப் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தும். காளஹஸ்தி திறந்திருக்கும். ஊரெல்லாம் பயந்து கதவடைக்கும் நேரத்தில் அங்கே ஆட்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தக் கோயிலின் கதாநாயகன் ஒரு வேடன். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையை நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். சாமியின் கண்ணில் ரத்தம், வேடன் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினான், கண்ணப்பன் ஆனான். இந்த அவசரத்தில் நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறோம்.

ரத்தத்தைப் பார்த்ததும் திண்ணன் என்ற அந்த வேடன் முதலில் செய்தது பூஜை இல்லை, வைத்தியமும் இல்லை. பதறி விழுந்தான், எழுந்தான், வில்லை எடுத்துக்கொண்டு ஓடினான். யார் செய்தது? வேறு வேடர்களா, காட்டு மிருகமா? மலை முழுக்கத் தேடினான். யாரும் இல்லை.

அந்த இடத்தில்தான் அவன் பெரியவன் ஆகிறான். கோபம் இருந்தது, கையில் வில் இருந்தது. வேண்டுமென்றால் ஒரு குற்றவாளியை உண்டாக்கியிருக்கலாம். நேற்று இங்கே வந்துபோன பூசாரி என்றிருக்கலாம். தப்பு செய்தவன் யாரும் இல்லை என்று தெரிந்ததும் தேடுவதை விட்டான். திரும்பி வந்தான். காட்டில் தெரிந்த பச்சிலைகளைக் கொண்டுவந்து பிழிந்தான். நிற்கவில்லை. பிறகுதான் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தான். யார் செய்தது என்பது முதல் கேள்வி. எது உதவும் என்பது இரண்டாவது. என்னிடமிருந்து எதைக் கொடுப்பது என்பது மூன்றாவது. குழந்தையின் உடம்பில் ஒரு குறியைக் கண்ட ஒவ்வொரு வீடும் இந்த மூன்று கேள்விகளைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. முதல் கேள்வி எல்லோருக்கும் வரும், வருவதில் தவறில்லை. அங்கேயே தங்கி, மருமகளைக் கூண்டில் ஏற்றிக் காலத்தைக் கழிப்பதுதான் தவறு. பச்சிலைக் கேள்விக்கு மருத்துவம் இன்று நிறையப் பதில் வைத்திருக்கிறது. ஈஸ்டர் தீவில் 1964-ல் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து, பஞ்சாபில் பிறந்த சுரேந்திர சேகல் பிரித்தெடுத்த மருந்தின் வழித்தோன்றல் ஒன்று, டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸில் வரும் ஒரு வகை மூளைக் கட்டிக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி சுருங்கும். நோய் போகாது.

போகாத நோய்க்குத்தான் மூன்றாவது கேள்வி. இந்தப் பிள்ளைகளை ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவதோடு தீர்ந்துவிடாது. ஆண்டுக்கு ஆண்டு கண்ணைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். புதிய புள்ளி வந்திருக்கிறதா, குனிவு வந்திருக்கிறதா, பேச்சு ஏன் தாமதிக்கிறது, கணக்கு ஏன் வரவில்லை என்று விடாமல் கவனிக்க வேண்டும். கண்ணப்பன் கொடுத்தது எதுவோ அதுவே பெற்றவர்களிடமும் கேட்கப்படுகிறது. கண்ணைக் கொடுப்பது என்றால் கவனித்துக்கொண்டே இருப்பது. ஊர்க்கண் படக்கூடாது என்று மையிட்டு மறைக்கிற நாம், படவேண்டிய கண் ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம்.

கதையில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு கண் ஆறியதும் மறுகண்ணில் ரத்தம் வந்தது. தன் இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இருட்டாகிவிடும், வைக்கவேண்டிய இடம் தெரியாது. அதனால் அடையாளத்துக்கு அந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டான். கேட்கிறவர்களுக்குப் பதறும், சாமி முகத்தில் செருப்புக்காலா என்று. அவனுக்கு ஆசாரம் ஒரு பொருட்டாக இல்லை. இடம் தவறிவிடக் கூடாது என்பது ஒன்றே குறி.

கல்யாணகட்டாவில் பார்த்த அந்தக் கட்டைவிரலை இப்போது வேறு விதமாக நினைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் பேச்சு நடந்தது. கிரகணம் என்றார்கள், பூஜை என்றார்கள். தலை முழுக்கச் சந்தனம் ஏறியது, விரல் இருந்த அந்த ஓர் இடத்தைத் தவிர. அவள் மறைக்கவில்லை. சந்தனம் காய்ந்து உதிரும், மலை இறங்கிய பின் பேச்சும் ஓயும், முடி மறுபடி வளர்ந்து மூடிவிடும். அதற்குள் யாரிடமாவது காட்ட வேண்டும். இடம் தவறிவிடாமல் பிடித்து வைத்திருந்தாள்.